வேடம் எனும் அமானிதம்

நம்மிடம் நஹ்வும் ஸர்பும் ஓதி, இப்போது நகரத்துக் கல்லூரியொன்றில் ஆங்கில இலக்கியம் பயின்று வரும் பழைய மாணவர் ஒருவர், சென்ற பெருநாள் விடுமுறையில் நம்மைக் காண வந்திருந்தார். பேச்சு எங்கெங்கோ சுற்றி, 1962-இல் வெளிவந்த ‘லாரன்ஸ் ஆஃப் அரேபியா’ என்னும் ஆங்கிலத் திரைப்படத்தில் வந்து நின்றது. “ஹஜ்ரத், அதில் அமீர் பைஸலாக வருபவரை நான் அரபியென்றே எண்ணியிருந்தேன். விசாரித்தால் ஆங்கிலேயராம்! அரபி ஒருவரே நடித்திருந்தாலும் இவ்வளவு பொருத்தமாக அமைந்திராது” என்றார் அவர்.

அப்படத்தை நாமும் பார்த்திருக்கிறோம். அவர் கூறியதன் முற்பகுதி நமக்கு வியப்பளிக்கவில்லை, அந்நடிகர் அத்தகையவர். பிற்பகுதிதான் நெஞ்சில் முள்ளாய்த் தங்கிவிட்டது. ஒருவனைப்போல வேடமிட்டவர் அவனினும் மேலாக அவனாகிவிட முடியுமா? முடியும் என்று நாம் ஒப்புக்கொண்டால், அந்த ஒருவனுக்கு மிஞ்சுவது என்ன? இந்த முள்ளை எடுத்துப் பார்ப்பதற்காகவே இக்கட்டுரை.

மதரஸாவில் ஓதிக்கொடுப்பவர் திரைப்பட நடிகரைப் பற்றி எழுதுவதா என்று புருவம் உயர்த்தும் அன்பர்கள் இருக்கலாம். அவர்களுக்கு நம் பாடநூல் ஒன்றையே நினைவூட்டுவோம். பஸராவைச் சேர்ந்த இமாம் ஹரீரீ (1054–1122) இயற்றிய ‘மகாமாத்’ அரபு இலக்கியம் பயில்வோர் கையில் தவழும் நூல். அதன் ஐம்பது பகுதிகளிலும் வருபவன் அபூ ஸைத் அஸ்ஸரூஜி என்னும் வேடதாரி. ஓரூரில் குருடன், மற்றோரூரில் உபதேசி, வேறோரூரில் வழக்காடும் கிழவன். அவன் வேடத்தையும் சொல்வன்மையையும் கண்டு மயங்கி மக்கள் பொருளை அள்ளிக் கொடுப்பர். கதை சொல்லும் ஹாரித் பின் ஹம்மாம் இறுதியில் அவனை அடையாளம் கண்டுகொள்வார். வேடத்தின் கலையையும் அதன் பாவத்தையும் ஒருங்கே ஆராய்வது நமக்குப் புதிதன்று என்பதைச் சொல்லவே இது.

நாம் எடுத்துக்கொண்ட நடிகர் அலெக் கின்னஸ். 1914 ஏப்ரல் 2-ஆம் நாள் லண்டனில் பிறந்து, 2000 ஆகஸ்ட் 5-ஆம் நாள் மறைந்தவர். அவருடைய பிறப்புச் சான்றில் தந்தையின் பெயருக்குரிய இடம் வெறுமையாக விடப்பட்டிருந்தது. தாயார் சில காலம் வேறொருவரை மணந்திருந்தமையால் சிறுவன் ஸ்டிவன் என்னும் குடும்பப் பெயரால் அழைக்கப்பட்டான். தன் பெயர் கின்னஸ் என்பதைப் பதினான்காம் வயதில்தான் அறிந்துகொண்டான். முதுமையில் அவர் வெளியிட்ட நாட்குறிப்பு நூல் ஒன்றின் தலைப்பே ‘என் பெயர் நினைவுக்கு வரவில்லை’ என்னும் பொருளுடையது. நஸபை, அதாவது வமிச வழியை, மனிதனின் முதல் அடையாளமாகக் கொள்ளும் நம்மவர்க்கு இச்செய்தியின் கனம் எளிதில் விளங்கும். தனக்கென ஒரு பெயர் உறுதிப்படாதவர் ஆயிரம் பெயர்களுக்குள் புகுந்து வாழத் துணிந்தார் என்று எண்ணத் தோன்றுகிறது. எனினும் ஒரு மனிதரின் கலையை அவரது பிறப்பைக்கொண்டு மட்டும் அளந்துவிடுவது நேர்மையாகாது. உழைப்பையும் பார்க்க வேண்டும்.

விளம்பர நிறுவனம் ஒன்றில் வாசகங்கள் எழுதிப் பிழைத்த இளைஞர், நடிப்புப் பயிற்சியில் சேர்ந்து, 1934-இல் மேடையேறினார். அவ்வாண்டிலேயே ஜான் கில்குட் நடத்திய ‘ஹாம்லெட்’ நாடகத்தில் ஆஸ்ரிக் என்னும் சிறு வேடம் கிடைத்தது. 1938-இல் ஓல்ட் விக் அரங்கில், தற்கால உடையணிந்து நிகழ்த்தப்பட்ட ‘ஹாம்லெட்’டில் அவரே தலைவர். போர்க்காலத்தில் கடற்படையில் பணிபுரிந்து, 1943-இல் சிசிலித் தீவின்மீது படை இறங்கியபோது தரையிறங்கு படகொன்றின் தலைமைப் பொறுப்பில் இருந்தார். போர் முடிந்ததும் டேவிட் லீன் என்னும் இயக்குநர், டிக்கன்ஸின் ‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ கதையை 1946-இல் படமாக்கியபோது இவரை அழைத்துக்கொண்டார். லீனும் கின்னஸும் நாற்பதாண்டுக் காலம் சேர்ந்தும் பிணங்கியும் பணியாற்றினர். இக்கட்டுரையில் நாம் காணப்போகும் நன்மை தீமை இரண்டும் பெரும்பாலும் அந்தக் கூட்டுறவில் விளைந்தவையே.

திரைத்துறையினர் ‘குணசித்திர நடிகர்’ என்று ஒரு சொல் வழங்குவர். கதாநாயகனுக்குத் தோற்றப் பொலிவு முதல்; குணசித்திர நடிகருக்கு மறைவே முதல். கின்னஸ் அவ்வகையினர். அவர் முகத்தில் குறிப்பிட்டுச் சொல்லத்தக்க அடையாளம் எதுவும் இல்லை. தெருவில் எதிர்ப்பட்டால் திரும்பிப் பார்க்கத் தோன்றாத முகம். அந்தக் குறையையே அவர் கருவியாக்கிக்கொண்டார். 1949-இல் வந்த ‘கைண்ட் ஹார்ட்ஸ் அண்ட் கொரோனெட்ஸ்’ என்னும் நகைச்சுவைப் படத்தில் ஒரே பிரபு குடும்பத்தின் எட்டு உறுப்பினர்களாக, அவர்களுள் ஒரு பெண்மணி உள்பட, அவர் ஒருவரே தோன்றினார். எட்டுப் பேரும் எட்டு விதம். எனினும் ஒரு குடும்பத்தவர் என்பதும் விளங்கும். ஆனால் 1951-இல் தாமே இயக்கித் தாமே ஹாம்லெட்டாக மீண்டும் நடித்தபோது படுதோல்வி கண்டார். தம்மை முன்னிறுத்த வேண்டிய இடத்தில் தடுமாறுவதும், தம்மை மறைக்க வேண்டிய இடத்தில் மிளிர்வதும் அவருடைய இயல்பாயிற்று.

ஒரு பாத்திரத்தை அவர் நடையிலிருந்து தொடங்குவார் என்பர். தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில், உள்ளத்து உணர்வு உடலில் வெளிப்படும் எட்டு வகைகளைக் கூறினார். கின்னஸ் செய்தது அதன் மறுதலை: முதலில் உடலைக் கண்டுபிடிப்பார்; பின்னர் உணர்வு அதற்குள் வந்து குடிபுகும். இதற்குச் சிறந்த சான்று 1957-இல் லீன் எடுத்த ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்’. ஜப்பானியரிடம் சிறைப்பட்ட ஆங்கிலக் கர்னல் நிக்கல்சன், அதிகாரிகளைக் கூலி வேலை செய்யப் பணிக்கலாகாது என்ற விதிக்காகத் தகரக் கூண்டில் அடைபட்டுக் கிடக்கிறார். பல நாள் வெயிலில் வெந்து, வெளியே அழைத்து வரப்படுகையில், கால்கள் தள்ளாட, தலை மட்டும் நிமிர்ந்திருக்க நடந்து செல்கிறார். அந்த நடையை கின்னஸ் தம் மகனிடமிருந்து எடுத்தார். பதினோராம் வயதில் இளம்பிள்ளை வாதத்தால் தாக்குண்டு, மீண்டும் நடக்கப் பழகிய பிள்ளையின் நடை அது. ஒரு தந்தையின் துயரம் ஓர் அந்நியனின் மானமாக உருமாறி நம்முன் நிற்கிறது. வலிந்து புனைதலைத் ‘தகல்லுப்’ என்றும், இயல்பாய் ஊறி வருவதைத் ‘தப்உ’ என்றும் அரபு இலக்கண ஆசிரியர் பிரிப்பர். அந்த நடை தப்உ. அவ்வாண்டின் சிறந்த நடிகருக்கான ஆஸ்கர் பரிசு அவருக்கு அளிக்கப்பட்டது. 1959-இல் சர் பட்டமும் வந்தது.

இப்படத்தைத் தமிழர் பார்க்கும்போது இன்னொன்றும் உறுத்த வேண்டும். காட்சிகள் இலங்கையில், கித்துல்கல என்னுமிடத்தில், களனி ஆற்றங்கரையில் எடுக்கப்பட்டவை. கதையோ சயாம்–பர்மா ரயில் பாதையைப் பற்றியது. 1942, 1943 ஆண்டுகளில் அப்பாதை அமைக்கப்பட்டபோது நேசநாட்டுக் கைதிகளில் 12,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தமிழர் உள்ளிட்ட ஆசியத் தொழிலாளரில் மாண்டோர் தொகை அதனினும் பல மடங்கு. படத்தில் அத்தமிழர்களுக்கு இடமில்லை. இது நடிகரின் குற்றமன்று. கதை எழுதியோர், எடுத்தோர் பொறுப்பு. ஆனால் ஒன்றை ஈண்டு குறித்துக்கொள்வோம். நடிகர் தம்மைத் தாமே மறைத்துக்கொள்வது கலை. பிறர் மறைக்கப்படுவது அத்தகையதன்று. அவ்விரண்டும் ஒரே திரையில், அருகருகே நிகழக்கூடும்.

நடிகரை அளக்க நமக்கு ஓர் அளவுகோல் வேண்டும். அதை அவருடைய வாழ்க்கையே தருகிறது. 1954-இல் வெளிவந்த படமொன்றில் அவர் ஃபாதர் பிரௌன் என்னும் கத்தோலிக்கப் பாதிரியாராக நடித்தார். பிரான்சு நாட்டுக் கிராமம் ஒன்றில் படப்பிடிப்பு. ஒரு மாலை, பாதிரி அங்கியைக் களையாமலேயே தம் தங்குமிடத்துக்கு நடந்து சென்றார். இருட்டும் நேரம். எங்கிருந்தோ ஓடிவந்த சிறுவன் ஒருவன் அவரைப் பாதிரியாரென்றே கருதி, கையைப் பற்றிக்கொண்டு, தன் மொழியில் ஏதேதோ பேசியபடி உடன் நடந்து, பின் விடைபெற்று ஓடிவிட்டான். முன்பின் அறியாத ஒருவரிடம் ஒரு குழந்தை இவ்வளவு நம்பிக்கை வைக்கக் காரணம் அந்த அங்கியல்லவா என்று அவர் சிந்திக்கலானார். 1956-இல் அவர் கத்தோலிக்கரானார். அதற்கான வழியில் இந்நிகழ்ச்சியும் ஒரு படி என்று தம் வரலாற்றில் எழுதியிருக்கிறார்.

அவர் சென்று சேர்ந்த சமயம் நம்முடையதன்று. அதைப் பற்றி நாம் பேசவில்லை. அந்த மாலைப் பொழுதின் பாடம் மட்டும் நமக்கு வேண்டும். அங்கி அவருடையதன்று. அதை உடையோர் வேறு. அதற்குரிய நம்பிக்கையைப் பல தலைமுறைகளாக ஈட்டி வைத்தோர் வேறு. நடிகர் அதைச் சற்று நேரம் இரவல் வாங்கியிருந்தார். சிறுவன் கையைப் பற்றியபோதுதான், தாம் அணிந்திருப்பது இரவல் பொருள் என்பதும், அதைப் பழுதின்றித் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்பதும் அவருக்குத் தைத்தன. நம் வழக்கில் இதற்குச் சொல் உண்டு: அமானிதம். வேடம் ஓர் அமானிதம். உடைக்கு உரியவன் வந்து பார்த்து, “ஆம், இது என்னுடையதுதான், கறைபடாமல் திரும்பி வந்திருக்கிறது” என்று சொல்வானானால் நடிகர் வென்றார். இந்தக் கேள்வியோடு அவருடைய மற்ற வேடங்களை அணுகுவோம்.

முதலில், 1948-இல் வந்த ‘ஆலிவர் ட்விஸ்ட்’. அதில் சிறுவர்களைத் திருட்டில் பழக்கும் யூதக் கிழவன் ஃபேகின் வேடத்தை அவரே விரும்பிக் கேட்டார். லீன் தயங்கினார், ஒப்பனையுடன் வந்து நின்று காட்டி வேடத்தைப் பெற்றார். டிக்கன்ஸ் நூலுக்கு க்ரூக்ஷாங்க் வரைந்த பழைய படங்களைப் பின்பற்றி, பெரிய வளைந்த மூக்கு பொருத்தப்பட்டது. நடிப்பின் திறத்தைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் ஐரோப்பாவில் யூதர்கள் இலட்சக்கணக்கில் கொல்லப்பட்டு மூன்றாண்டுகளே கழிந்திருந்த நேரம் அது. அதே மூக்கை வரைந்து காட்டித்தான் கொலைகாரர்கள் வெறுப்பை வளர்த்திருந்தனர். 1949-இல் பெர்லின் நகரில் படத்தை எதிர்த்து யூதர்கள் கிளர்ந்தெழுந்தனர். அமெரிக்காவில் 1951 வரை படம் வெளிவரவில்லை. வந்தபோதும் பல காட்சிகள் வெட்டப்பட்டிருந்தன.

அவர்களுடைய மனக்குறை நியாயமானது என்பதே நமது துணிபு. இதை நாம் தயக்கமின்றிச் சொல்லவேண்டும். எவர் மாட்டும் நீதி தவறலாகாது என்று ஓதியவர்கள் நாம். பிறருடைய முகத்தில் பூசப்பட்ட இகழ்ச்சியைக் கண்டு நகைத்துவிட்டு, நம் முகத்தில் பூசப்படும்போது மட்டும் குரலெழுப்பினால் அக்குரலுக்கு மதிப்பில்லை. ஃபேகின் வேடத்தில் அமானிதம் பேணப்படவில்லை. அந்த மூக்கைத் தம்முடையது என்று ஏற்பவர் எவரும் இலர். அது இகழ்ந்தோர் வரைந்த மூக்கு.

இனி, நம் மாணவர் கூறிய அமீர் பைஸல். இந்த வேடத்துக்கு முன், 1960-இல், ரட்டிகன் எழுதிய ‘ராஸ்’ என்னும் நாடகத்தில் லண்டன் மேடையில் கின்னஸ் நடித்தது லாரன்ஸ் வேடத்தை! இரண்டாண்டுக்குள் அதே வரலாற்றின் மறுகரைக்குச் சென்று, லாரன்ஸை அளந்து பார்க்கும் அரபித் தலைவராகத் திரையில் நின்றார். வேறெந்த நடிகருக்கும் எளிதில் வாய்க்காத நிலை இது. லாரன்ஸின் உள்ளத்தை அறிந்தவர், அவரைக் கூர்ந்து நோக்கும் கண்களாக மாறினார். கூடாரத்தில் இரவுக் காற்று வீச, இளைஞர் லாரன்ஸை அவர் பேசவைத்துக் கேட்கும் காட்சியில், பைஸலின் பார்வையிலேயே பாதி உரையாடல் நடந்துவிடுகிறது.

அவ்வேடத்தின் சிறப்புகளை மறைக்கலாகாது. 1921-இல் வெளிவந்த ‘தி ஷேக்’ என்னும் படம் முதல், மேனாட்டுத் திரையில் அரபி என்றால் பெண்ணைக் கடத்துபவன், வாளைச் சுழற்றுபவன் என்றே காட்டிவந்தனர். கின்னஸின் பைஸல் குரலை உயர்த்துவதில்லை. குர்துபா நகரின் பெருமையை நினைவுகூரும்போதும் அவர் பெருமிதம் காட்டுவதில்லை; இழந்தவரின் அமைதியே தெரிகிறது. இறுதியில் ஆங்கிலத் தளபதியோடும் அரசியல் சூழ்ச்சியாளரோடும் திமிஷ்கில் பேரம் பேசும்போது, ஏமாற்றப்படுவதை அறிந்தும் தன் மதிப்பைத் தளரவிடாத மனிதரைக் காண்கிறோம். அந்த உடையை அவர் கேலிப்பொருளாக்கவில்லை. இது சிறிய செயலன்று.

ஆனால் உடைக்குரியவர் வந்து பார்த்தால்? முதலில் வயது. பைஸல் பின் ஹுஸைன் 1885-இல் பிறந்தவர் என்பது பெரும்பாலோர் கூற்று. லாரன்ஸ் 1888-இல் பிறந்தவர். இருவருக்கும் ஏறத்தாழ மூன்றாண்டே இடைவெளி. 1916-இல் ஹிஜாஸில் கிளர்ச்சி தொடங்கியபோது பைஸல் முப்பதைத் தாண்டிய இளம் தலைவர். உதுமானியப் பேரரசின் நாடாளுமன்றத்தில் உறுப்பினராக இருந்தவர். களத்தில் படை நடத்தியவர். படப்பிடிப்பின்போது கின்னஸுக்கு வயது நாற்பத்தேழு. லாரன்ஸாக நடித்த பீட்டர் ஓ’டூலுக்கோ முப்பதும் நிரம்பவில்லை. பைஸலை முதியவராக்கியதன் விளைவு என்ன? செயல் முழுவதும் ஆங்கில இளைஞன் கைக்குப் போய்விடுகிறது. அரபித் தலைவருக்கு ஞானமும் நரையும் மட்டுமே எஞ்சுகின்றன. மரியாதையாக ஓரத்தில் அமர்த்தி வைப்பதும் ஒருவகை அகற்றலே.

அடுத்து மொழி. பைஸலின் ஆங்கிலத்துக்கு அரபித் தொனி கொடுக்க, கின்னஸ் உடன் நடித்த உமர் ஷரீபின் பேச்சைக் கேட்டுப் பழகினார். உமர் ஷரீப் எகிப்தியர், இஸ்கந்தரிய்யாவில் பிறந்தவர். ஹிஜாஸின் ஷரீப் குடும்பத்து அமீருக்கு இஸ்கந்தரிய்யாவின் சாயல்! ஆங்கிலேயரின் செவிக்கு எல்லா அரபியும் ஒன்றே; அரபு ஓதிக்கொடுக்கும் நமக்கு அப்படியல்ல. கூடாரக் காட்சியில் திருமறையின் 93-ஆம் அத்தியாயமான சூரத்துள் ளுஹா ஓதப்படுகிறது, ஆங்கிலத்தில். மக்கா ஷரீபின் மகனுடைய கூடாரத்தில் அந்த வசனங்கள் அரபு ஓசையின்றி ஒலிக்கும்போது, நமக்கு அக்கூடாரத்தின் கயிறுகள் அறுந்து விழுவதுபோல் தோன்றியது. ஆங்கிலப் படம், ஆங்கிலேயர் பார்க்க எடுக்கப்பட்டது என்பர். உண்மை. அதனாலேயே அதில் தோன்றும் பைஸலை, ஆங்கிலேயருக்காகச் சமைக்கப்பட்ட பைஸல் என்று அறிந்து பார்க்கவேண்டும் என்கிறோம்.

உண்மை பைஸலின் கதை படம் முடியும் இடத்தில்தான் கனக்கத் தொடங்குகிறது. 1919-இல் பாரிஸ் மாநாட்டில் தம் மக்களுக்காக வாதாடினார். 1920 மார்ச்சில் ஷாம் நாட்டின் அரசராக அறிவிக்கப்பட்டு, அவ்வாண்டு ஜூலையில் பிரெஞ்சுப் படையால் வெளியேற்றப்பட்டார். 1921-இல் இராக்கின் அரசரானார். 1933-இல் சுவிட்சர்லாந்தில் காலமானார். இத்தனை அலைகளையும் கண்ட மனிதரைத் திரைப்படம் 1918-இலேயே கிழவராக்கி முடித்துவிட்டது. ஆகவே நமது தீர்ப்பு இது: கின்னஸ் தமக்குக் கொடுக்கப்பட்ட உடையைக் கறைப்படுத்தவில்லை, ஆனால் கொடுக்கப்பட்ட உடையே உரியவரின் அளவுக்குத் தைக்கப்பட்டதன்று. அமானிதம் பாதி பேணப்பட்டது.

1984-இல் லீனின் கடைசிப் படமான ‘எ பாஸேஜ் டு இந்தியா’வில், எழுபது வயது கின்னஸ் நாராயண் காட்போலே என்னும் பிராமணப் பேராசிரியராக வந்தார். சுற்றிலும் விக்டர் பானர்ஜி, ஸயீத் ஜாப்ரி, ரோஷன் சேத் என இந்திய நடிகர்கள். அவர்கள் நடுவே பூசிய நிறம் பூசிய நிறமாகவே தெரிந்தது. தூரத்து இருளில் மின்னும் கண்ணாடி மணி, உண்மை மணிகளோடு ஒரே தட்டில் வைக்கப்பட்டால் மங்கிவிடும் அன்றோ? தம்மை அழித்துக்கொள்ளும் கலையில் வல்லவர் இங்குத் தம்மை அழித்துக்கொண்டார். ஆனால் அழிந்த இடத்தில் காட்போலே வந்து நிற்கவில்லை. தன்னை மறைப்பது வேறு, பிறனைத் தோன்றச் செய்வது வேறு என்பதை இவ்வேடம் தெளிவாக்குகிறது.

இவ்விடத்தில் நேர்மையுள்ள வாசகர் ஒரு வினா எழுப்பலாம். நாம் மட்டும் என்ன செய்தோம்? பதினேழாம் நூற்றாண்டில் உமறுப் புலவர் 5,027 விருத்தங்களில் சீறாப்புராணம் பாடியபோது, நாட்டுப் படலத்தில் அரபு நாட்டுக்கு மழைமேகமும் ஆறும் நெல்வயலும் சூட்டவில்லையா? பாலையை மருதமாக்கவில்லையா? ஆம், சூட்டினார். ஆயினும் இரண்டுக்கும் வேற்றுமை உண்டு. புலவர் தம் மக்களுக்காக, தம் மொழியில், காப்பிய மரபின் கட்டளைப்படி பாடினார். அவ்வயல்களை மக்காவின் நிழற்படம் என்று எவரும் எண்ணியதில்லை. தம்மிடம் உள்ளவற்றுள் சிறந்ததை அன்பின் காணிக்கையாகச் சாத்தினார் என்றே கொண்டனர். அவர் பாடியதால் எந்த அரபிப் புலவரும் தம் இருக்கையை இழக்கவில்லை. திரைப்படம் தன் தோற்றத்தை உண்மையென்று நம்பச் செய்யும் கலை. அதன் வேடத்தை உலகம் நிழற்படமாகவே எடுத்துக்கொள்கிறது. நம் மாணவரும் அவ்வாறே எடுத்துக்கொண்டார்.

அலெக் கின்னஸின் முழு வெற்றி எது என்று கேட்டால், நாம் 1979-இலும் 1982-இலும் பிரிட்டிஷ் தொலைக்காட்சி ஒளிபரப்பிய இரு தொடர்களைச் சொல்வோம். ஜான் லெ காரே எழுதிய நாவல்களின் நாயகர், ஜார்ஜ் ஸ்மைலி என்னும் ஓய்வுபெற்ற உளவுத்துறை அதிகாரி. தமக்குள் ஒரு துரோகி இருக்கிறான், யாரென்று கண்டறியவேண்டும். இந்த வேடத்துக்காக, உளவுத்துறைத் தலைவராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவரை உணவு விருந்தொன்றில் சந்தித்து, அவருடைய அசைவுகளைக் கூர்ந்து கவனித்தார். ஒட்டு மூக்கு இல்லை, நிறப்பூச்சு இல்லை. பெரிய மூக்குக் கண்ணாடி, மேலங்கி, தளர்ந்த உடல். தொடர் முழுவதும் அவர் செய்யும் பெருஞ்செயல் கேட்பதுதான். பிறர் பேசப் பேச அவர் முகத்தில் ஒன்றும் நிகழ்வதில்லை. ஆனால் அனைத்தும் அங்கே பதிகின்றன. வள்ளுவர் கேள்விக்கென்று தனி அதிகாரம் வகுத்தார். கேட்டலையே நடிப்பாக்கிக் காட்டியவர் இவர்.

1977-இல் வந்த ‘ஸ்டார் வார்ஸ்’ என்னும் விண்வெளிக் கதைதான் அவருக்குப் பெருஞ்செல்வத்தையும் உலகப் புகழையும் தந்தது. அப்புகழ் அவருக்குக் கசந்தது. அந்தப் படத்தை மிகப் பல முறை பார்த்ததாகப் பெருமையோடு சொன்ன சிறுவனிடம், இனிமேல் அதைப் பார்ப்பதில்லை என்று வாக்குக் கேட்டதாகத் தாமே எழுதியிருக்கிறார். பிரான்சில் கையைப் பற்றிய சிறுவனுக்கும் இந்தச் சிறுவனுக்கும் இடையே அவருடைய வாழ்க்கை அடங்கிவிடுகிறது. முன்னவன் தந்த நம்பிக்கையைத் தாங்க விரும்பினார். பின்னவன் தந்த வழிபாட்டைத் தாங்க விரும்பவில்லை. ஹரீரீயின் அபூ ஸைத் வேடங்களால் பொருள் சேர்த்து, ஐம்பதாம் மகாமாவில், பஸராப் பள்ளிவாசலில் மனம் வருந்தித் திருந்துகிறான். வேடத்தின் கடனை ஒருநாள் கணக்குப் பார்த்தே ஆகவேண்டும் என்பது இமாமின் கருத்தாக இருக்கலாம்.

மாணவர் விடைபெறுமுன் நாம் அவரிடம் சொன்னதை இங்கும் சொல்லி முடிப்போம். அந்நடிகர் மிகச் சிறந்தவர், ஐயமில்லை. ஆனால், “அரபி நடித்திருந்தாலும் இப்படி அமைந்திராது” என்பது நடிகருக்குத் தரும் புகழன்று. அது பார்த்திராத ஒன்றைப் பற்றிய தீர்ப்பு. அந்த நாற்காலியில் அரபி ஒருவரை அமர்த்தி அப்படம் எடுக்கப்படவேயில்லை. காணாத சாட்சியின் கூற்றை எந்தக் காஜியும் ஏற்கமாட்டார்.

அதே படத்தில், தொடக்கத்தில், லாரன்ஸுக்கு வழிகாட்டியாக வரும் தபாஸ் என்னும் பதவியைக் கவனித்தீரா என்று அவரைக் கேட்டோம். பிறர் கிணற்றில் நீர் அருந்தியதற்காகச் சுடப்பட்டு விழுபவன். அவனாக நடித்தவர் ஸியா மொஹ்யித்தீன். 1931-இல் லாயல்பூரில் பிறந்து, லண்டனில் நாடகக் கல்வி பயின்றவர். ‘எ பாஸேஜ் டு இந்தியா’ நாவல் 1960-இல் லண்டனில் நாடகமானபோது அதன் நாயகர் டாக்டர் அஸீஸாக நடித்துப் புகழ்பெற்றவர். இரண்டாண்டு கழித்து அவருக்கு இப்படத்தில் கிடைத்தது அந்தக் கிணற்றடி. 2023-இல் அவர் காலமானார்.

“நான் கவனிக்கவில்லையே, ஹஜ்ரத்” என்றார் மாணவர்.

“அப்படியானால் இன்னொரு முறை பார், தம்பி. இம்முறை பைஸலை விட்டுவிடு. கிணற்றடியில் விழுபவனைப் பார்” என்றோம்.